பத்தாவது மாதத்திலும் நம் அடுப்பில் வேகும் உணவுமுறை

எடையைக் குறைத்தே ஆக வேண்டும் என்று மருத்துவர் சொன்னபோது எனக்கு வயது 43, உயரம் 156 சென்டிமீட்டர், எடை 74 கிலோ. கடந்த மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் 6.2 என்று வந்திருந்தது. 5.7 முதல் 6.4 வரை இருப்பது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5-ஐத் தொட்டால் நோய் என்றே கொள்வார்கள். உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் உடல் எடைக் குறியீட்டெண் (பிஎம்ஐ) எனக்கு 30-ஐத் தாண்டியிருந்தது. நம்மைப் போன்ற தெற்காசியர்களுக்கு 23 வந்தாலே எடை அதிகம், 25 வந்தால் உடற்பருமன் என்று கணக்கிட வேண்டும் என்பதையும், பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது என்பதையும் அன்றுதான் அறிந்தேன். தைராய்டு பரிசோதனை இயல்பாக இருந்ததால், இனிச் சரிசெய்ய வேண்டியது சாப்பாடும் நடையும்தான் என்பது தெளிவாயிற்று.

என் அம்மாவும் பெரியம்மாவும் சர்க்கரை நோயால் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். ஆகவே பயம் இருந்தது. அந்தப் பயத்தோடு நான் கேட்ட முதல் கேள்விக்கு மருத்துவர் தந்த பதில் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. இருபது கிலோ குறைக்க வேண்டியதில்லை, இருக்கும் எடையில் ஏழு சதவீதம் குறைந்தாலே உடம்பு நன்றி சொல்லும் என்றார். 2002-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வில், என் நிலையில் இருந்தவர்கள் ஏழு சதவீத எடைக்குறைப்பையும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியையும் இலக்காகக் கொண்டபோது, அவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. எனக்கு அந்த ஏழு சதவீதம் என்பது ஐந்து கிலோவுக்குச் சற்றே அதிகம். எட்டக்கூடிய தொலைவில் ஓர் எண் கிடைத்ததும் மனம் அமைதியடைந்தது.

அடுத்து எந்த உணவுமுறை என்ற கேள்வி. வடசென்னையின் தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் இதைப் பற்றிக் கருத்துச் சொல்லாதவர் இல்லை. அலுவலகத் தோழி ஒருவர், தானியத்தைத் தவிர்க்கும் பேலியோ முறையில் நன்றாக மெலிந்திருந்தார். காலையில் பாதாமை நூறு எண்ணி ஊறவைத்துச் சாப்பிடுவதையும், சோறு, இட்லி, பயறு மூன்றையும் அறவே விட்டதையும் விளக்கினார். மாடி வீட்டு அக்கா பதினாறு மணிநேரம் வயிற்றைக் காயப்போடும் முறையைச் சொன்னார். உறவினர் ஒருவர் இரண்டு வேளை உணவுக்குப் பதிலாக மாவு கரைத்துக் குடிக்கும் திட்டத்தோடு வீட்டுக்கே வந்துவிட்டார். அந்த மாவின் ஒரு மாதச் செலவு எங்கள் மளிகைச் சிட்டையின் தொகையை நெருங்கியது. மாவை நிறுத்திய பிறகு என்ன சாப்பிடுவது என்று கேட்டேன். நிறுத்தத் தேவையில்லை, தொடர்ந்து குடிக்கலாம் என்றார். ஆயுள் முழுவதும் விலை கொடுத்து வாங்க வேண்டிய ஒன்றை உணவுமுறை என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

இவற்றுள் எது உயர்ந்தது என்று வாதிட நான் வரவில்லை. படித்தவரை, ஆய்வுகளும் அப்படி ஒன்றை மட்டும் உயர்த்திப் பிடிக்கவில்லை. 2005-இல் பாஸ்டனில் நான்கு புகழ்பெற்ற உணவுமுறைகளை 160 பேரிடம் ஓராண்டு சோதித்தபோது, எந்த முறை என்பதைவிட எவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள் என்பதே எடைக்குறைவோடு பொருந்தி வந்தது. 2018-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 609 பேரைக் கொண்டு கொழுப்பைக் குறைத்தவர்களையும் மாவுச்சத்தைக் குறைத்தவர்களையும் ஓராண்டு ஒப்பிட்டபோதும், இரு தரப்புக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆகவே நான் எனக்கென்று ஒரே கேள்வியை வைத்துக்கொண்டேன்: பத்தாவது மாதத்திலும் இது எங்கள் அடுப்பில் வேகுமா?

எங்கள் வீட்டில் நான்கு பேர். சமையல் பெரும்பாலும் மாமியார் கையில். காலை எட்டரைக்குக் கிளம்பி இரவு ஏழு மணிக்குத் திரும்பும் நான், எனக்கென்று தனிச் சட்டி வைத்தால் அது அதிகம் போனால் ஒரு மாதம் ஓடும். பேலியோவுக்கு ஆகும் செலவை வாரக் கணக்கில் போட்டுப் பார்த்ததும் அது எங்களுக்கு ஆகாது என்று தெரிந்தது. இரவு உணவைத் தவிர்ப்பதும் சரிப்படவில்லை, ஏனென்றால் வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்காரும் ஒரே வேளை அதுதான். (சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உண்ணாநோன்பு முறைக்குப் போகவே கூடாது, சர்க்கரை திடீரென இறங்கி ஆபத்தாகிவிடும்.) முதல் வாரத்திலேயே மூன்று நான்கு கிலோ குறையும் என்ற விளம்பரங்களையும் ஒதுக்கினேன். தசையிலும் கல்லீரலிலும் சேமித்திருக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து தீரும்போது, அதனோடு பிணைந்திருக்கும் நீரும் வெளியேறுவதால்தான் தொடக்கத்தில் எடை முள் வேகமாக இறங்குகிறது. மிக வேகமாக மெலிபவர்களுக்குத் தசை கரைவதும் பித்தப்பையில் கல் உருவாவதும் அறியப்பட்ட தொல்லைகள். வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் போதும் என்று முடிவு செய்தேன்.

அரசு மருத்துவமனை ஒன்றின் உணவு ஆலோசகரைப் பார்த்தபோது, அவர் என் கையில் அச்சடித்த அட்டவணை எதையும் திணிக்கவில்லை. ஒரு வாரம் வாயில் போடும் எல்லாவற்றையும் எழுதி வாருங்கள், கூடவே மாதத்துக்கு எவ்வளவு எண்ணெய், எவ்வளவு சர்க்கரை வாங்குகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள் என்றார். என் எடைக்குறைப்பின் உண்மையான தொடக்கம் அந்த நோட்டுதான்.

எண்ணெய்க் கணக்கு என்னைத் திடுக்கிட வைத்தது. மாதம் ஐந்து லிட்டர் வாங்கிக்கொண்டிருந்தோம். நான்கு பேருக்கு, முப்பது நாளுக்கு வகுத்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 42 மில்லி. எண்ணெயில் ஒரு கிராமுக்கு 9 கலோரி என்பதால், வேறு எதையும் சேர்க்காமல் தாளிப்பும் பொரிப்பும் மட்டுமே எனக்குத் தினமும் 340 கலோரி தந்திருக்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) கீழ் ஐதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நாளொன்றுக்கு 2,000 கலோரி கொண்ட உணவுத் தட்டுக்குச் சொல்லும் எண்ணெய், கொழுப்பின் அளவு 27 கிராம். நாங்கள் ஒன்றரை மடங்குக்கு அருகில் இருந்தோம். அத்தையிடம் இதைக் குறையாகச் சொல்லாமல், நோட்டை அவர் முன் வைத்து இருவருமாகச் சேர்ந்து கூட்டினோம். கணக்கு முடிந்ததும் அவரே, "அப்போ மூணு லிட்டர் வாங்கு, அதுக்குள்ள நான் ஓட்டிக் காட்டுறேன்" என்றார். ஓட்டியும் காட்டினார். வறுவல் வாரத்துக்கு ஒரு நாள் என்றானது, கத்தரிக்காயும் வெண்டைக்காயும் பாதி வெந்த பிறகே எண்ணெயைக் கண்டன, தோசைக்கல்லில் வெங்காயத்தைக் குத்தித் தேய்க்கும் பழைய பழக்கம் திரும்பியது.

சோறுதான் கடினமாக இருந்தது. குழம்புக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று மூன்று தடவை போட்டுச் சாப்பிடும் வீடு இது. சமையலறைத் தராசில் தட்டை வைத்து, வழக்கம்போலப் போடச் சொல்லி நிறுத்தபோது 450 கிராம் வந்தது. வெந்த சோறு 100 கிராமில் சுமார் 130 கலோரி. அதாவது மதியச் சோறு மட்டும் 585 கலோரி. ஆலோசகர் சோற்றை விடச் சொல்லவில்லை. 200 கிராமாகக் குறைத்து, அதை முதலில் பரிமாறிக்கொள்ளாமல் காயையும் கூட்டையும் முதலில் தட்டில் நிரப்பி, மீதி இடத்தில் சோற்றை வைக்கச் சொன்னார். முதல் நாள் அந்தத் தட்டைப் பார்த்த அத்தை, "இம்மாஞ்சோறு எந்த மூலைக்குமா பத்தும்?" என்று கவலையோடு கேட்டார். அவர் கேட்டது நியாயமே. காய் இரண்டு கரண்டியாக நின்றிருந்தால் நிச்சயம் பத்தியிருக்காது. பருப்பு சேர்த்த கீரைக் கூட்டோ, சுண்டலோ, மீனோ, முட்டையோ தட்டில் ஒரு கைப்பிடி கட்டாயம் இருந்ததால்தான் நான்கு மணிவரை பசி தாங்கியது. மூன்று தடவை பரிமாறும் வழக்கத்தையும் நாங்கள் விடவில்லை. அளந்து வைத்த அதே சோற்றை மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன். ரசம் இல்லாமல் எழுந்திருக்கும் நிலை வந்திருந்தால் இந்த முறை என்னிடம் நிலைத்திருக்காது.

சிறுதானியத்தைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். சாமை, வரகு, தினை ஆகியவற்றில் நார்ச்சத்து அதிகம், நல்ல உணவுதான்; ஆனால் சமைக்காத நிலையில் அவற்றின் கலோரி ஏறத்தாழ அரிசிக்கு இணையானது. அளவைக் குறைக்காமல் அரிசிக்குப் பதிலாகச் சாமையைக் குவித்து வைத்தால் எடை குறையாது. எங்கள் வீட்டில் வாரம் இரண்டு இரவு சாமை உப்புமா, காய்கறி பாதி சாமை பாதியாக.

புரதத்துக்கு வடசென்னைக்காரர்கள் வெகுதூரம் அலைய வேண்டியதில்லை, காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பக்கத்திலேயே இருக்கிறது. முன்பு ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் ஒரு துண்டு வாங்கி வறுத்துக்கொண்டிருந்தோம். அதே பணத்துக்கு இப்போது நெத்தியும் மத்தியும் கானாங்கெளுத்தியும் கூடுதலாக வாங்கி, வாரம் மூன்று நாள் குழம்பாக வைக்கிறோம். மத்தியிலும் கானாங்கெளுத்தியிலும் இதயத்துக்கு நல்லதான ஒமேகா-3 கொழுப்பு நிறைய உண்டு, விலையும் குறைவு. ஆனால் மீனையே முழுதாக நம்பி ஓர் உணவுமுறையை அமைத்தால் ஏப்ரல் 15-இல் அது சரிந்துவிடும். கிழக்குக் கடற்கரையில் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். சிறு படகுகள் கொண்டுவரும் மீனுக்கு விலை ஏறிவிடுகிறது. அந்த நாட்களில் கருவாட்டுக்குத் தாவுவது எங்கள் பக்கத்து வழக்கம். என் கணவருக்கு இரத்த அழுத்தம் இருப்பதால், அவ்வளவு உப்பு ஆகாது என்று ஆலோசகர் தடுத்தார். ஆகவே தடைக்காலத்துக்கென்று முட்டை, கொண்டைக்கடலை, முளைகட்டிய பச்சைப்பயறு, மொச்சை என்று தனியாக ஒரு பட்டியலைச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். முதல் தடைக்காலத்தை எடை ஏறாமல் கடந்தபோதுதான் இந்த முறை நீடிக்கும் என்ற நம்பிக்கை எனக்குப் பிறந்தது.

தேநீரையும் விட்டுவிட முடியாது. நாளுக்கு நான்கு தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை என்றால் 40 கிராம், 160 கலோரி. இரண்டு தேநீராகவும் அரைக் கரண்டியாகவும் மெல்ல மெல்ல இறக்கினேன். நாக்கு சில வாரங்களில் பழகிவிட்டது.

வெளியில் சாப்பிடுவதைப் பொறுத்தவரை நான் எதையும் வாழ்நாள் தடை செய்யவில்லை. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ என்ற நூடுல்ஸ் உணவும் வாழைத்தண்டு சூப்பும் எங்கள் பகுதியின் சொத்து. மகளுக்குத் தேர்வு முடிந்தால் கடற்கரை ரயில் நிலையப் பக்கம் போய் அத்தோ சாப்பிடுவது எங்கள் வீட்டுக் கொண்டாட்டம். ஒரு தட்டை இருவர் பகிர்ந்துகொள்கிறோம், சூப்பை ஆளுக்கு ஒன்றாக வாங்குகிறோம், முட்டை மசாலாவையும் விடுவதில்லை. இதைவிட ஆபத்தானது ஒவ்வொரு மாலையும் அலுவலகத்தில் ஆர்டர் போகும் பஜ்ஜியும் சமோசாவும். அதற்கு மாற்றாக மேசை இழுப்பறையில் வறுத்த பொட்டுக்கடலையும் ஒரு கொய்யாவும் வைத்திருக்கிறேன்.

நடைக்கு எங்கள் பகுதி வசதியானதல்ல; கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையோரம் மூச்சை இழுத்துக்கொண்டு நடப்பதில் பொருளில்லை. பாரிமுனைக்கு மெட்ரோவில் போகும்போது உயர் நீதிமன்ற நிலையத்துக்கு முன்பே மண்ணடியில் இறங்கிக்கொள்கிறேன். திரும்பும்போது தியாகராயா கல்லூரி நிலையத்தில் இறங்கி உள்தெருக்கள் வழியாக வீட்டுக்கு நடக்கிறேன். இரண்டும் சேர்ந்தே வாரத்து 150 நிமிடத்தை ஓரளவு நிரப்பிவிடுகின்றன.

எடை ஒரே சீராக இறங்கவில்லை. 69 கிலோவில் வந்து வெகுநாள் நின்றுவிட்டது. உடம்பு சிறியதாகும்போது அதற்குத் தேவைப்படும் ஆற்றலும் குறைவதால், முன்பு எடையைக் குறைத்த அதே சாப்பாடு இப்போது எடையைத் தக்கவைக்கும் சாப்பாடாகிவிடுகிறது என்று ஆலோசகர் விளக்கினார். இன்னும் கொஞ்சம் சோற்றைக் குறைக்கட்டுமா என்று கேட்டதற்கு அவர் மறுத்தார். பட்டினிக்கு அருகில் போனால் முறையே முறிந்துபோகும் என்று சொல்லி, வீட்டில் தண்ணீர்க் கேனைத் தூக்குவது, சுவரில் கைவைத்துத் தள்ளுவது, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது போன்ற தசைப் பயிற்சிகளைச் சேர்க்கச் சொன்னார். அந்த நாட்களில் தராசு நின்றிருந்தாலும் இடுப்பு நாடா குறைந்துகொண்டே வந்தது. ரவிக்கைகளைத் தையற்காரரிடம் கொடுத்து இறுக்கிப் பிடித்துத் தைத்து வாங்கி வந்தேன்.

இப்போது என் எடை 66 கிலோ, எச்பிஏ1சி 5.8. இடுப்பு இன்னும் 80-க்கு வரவில்லை. குறியீட்டெண் கணக்கின்படி நான் இன்னமும் பருமன் வரிசையில்தான் இருக்கிறேன் என்பது தெரியும். ஆனாலும் இந்த ஆறு மாதத்துக்குக் குறைக்க முயலாமல், இருக்கும் எடையைக் காப்பதையே வேலையாக வைத்துக்கொள்ளலாம் என்று மருத்துவரும் ஆலோசகரும் நானும் பேசி முடிவு செய்திருக்கிறோம். எண்ணெய் மூன்று லிட்டரிலேயே நிற்கிறது. அத்தைக்கும் மூன்று கிலோ குறைந்திருக்கிறது. முழங்கால் வலி முன்போல் இல்லை என்று அவரே சொல்வதால், அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அவரையும் அழைத்துப்போய்ச் சர்க்கரை அளவைப் பார்த்துவிடலாம் என்றிருக்கிறேன்.