காதால் பார்த்த படம்

கொழும்பில் படித்த காலத்தில் பார்த்த நம் நாட்டுத் தமிழ்ப் படங்களில் எது நல்ல படம் என்று போன வருடம் என் மகள் கேட்டாள். நான் யோசிக்கவில்லை. "தணியாத தாகம்" என்றேன். கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு, "அப்பா, அது படம் இல்லையே, றேடியோ நாடகமாம்" என்றாள்.

உண்மைதான், அது றேடியோ நாடகம். ஆனால் அதில் வரும் சோமுவின் முகம் எப்படி இருக்கும், அவனுடைய வீட்டு விறாந்தையில் எந்தப் பக்கத்தால் வெயில் விழும் என்பதெல்லாம் இன்றைக்கும் எனக்குத் தெரியும். மலருக்கு எங்கள் கல்லூரி நாடக மன்றத்தைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, இதைத்தான் எழுத வேண்டும் என்று முடிவுசெய்தேன். நாடக மன்றத்தில் நான் படித்ததெல்லாம் அந்த ஒரு நாடகத்தைச் சுற்றித்தான் இருக்கிறது.

எழுபதுகளில் வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் இருந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. இலங்கை வானொலியின் வர்த்தக சேவையில் அந்த நாடகம் போகும் நேரத்தில், ஒழுங்கையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தால் ஒரு வசனத்தைக்கூடத் தவறவிடாமல் கேட்கலாம். ஒவ்வொரு வீட்டு யன்னலாலும் அதே குரல்கள் வரும். சோமுவாக கே. எஸ். பாலச்சந்திரன், யோகமாக விஜயாள் பீற்றர், கமலியாக கமலினி செல்வராசன். எங்கள் அம்மம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவார். பாலச்சந்திரனை "அண்ணை றைற்" தனிநடிப்பில் பஸ் கொண்டக்டராகப் பார்த்துச் சிரித்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். அதே மனிதர்தான் அம்மம்மாவை அழ வைத்தவரும்.

எழுதியவர் சில்லையூர் செல்வராசன். யாழ்ப்பாணத்துச் சில்லாலையில் 1933இல் பிறந்து கொழும்பையே களமாக்கிக்கொண்டவர். கவிஞர், பத்திரிகையாளர், நடிகர், திறனாய்வாளர். ஈழத்து நாவல் வளர்ச்சியைப் பற்றி ஒரு நூலும் எழுதியிருக்கிறார். தான்தோன்றிக் கவிராயர் என்பது அவரே வைத்துக்கொண்ட பெயர், பல்கலை வேந்தர் என்பது மற்றவர்கள் கொடுத்த பெயர். அவர் மேடையில் கவிதை சொல்லும்போது ஒலிபெருக்கி எதற்கு என்று தோன்றும். சரி, அவருடைய கவிதையைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு அவர் நாடக ஆசிரியர்.

பலருக்குத் தெரியாத ஒரு விடயம் இருக்கிறது. தணியாத தாகம் முதலில் றேடியோவுக்காக எழுதப்பட்டதல்ல. அது ஒரு திரைப்படச் சுவடி. 1971இல் புத்தகமாகவே வந்தது. நாங்கள் அதை அறிந்தது எங்கள் தமிழ் ஆசிரியரால். பேராதனையில் படித்த காலத்தில் பேராசிரியர் வித்தியானந்தனின் கூத்துகளுக்குப் பிற்பாட்டுப் பாடியவர் அவர். வெள்ளை வேட்டியும் நீலப் பேனாவுமாக வகுப்புக்கு வருவார். நாடகத்தைப் பற்றி நாங்கள் வாய் ஓயாமல் கதைப்பதைக் கேட்டுவிட்டு, ஒரு நாள் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். படமாக எடுப்பதற்கு எழுதியதை ஒருவர் காதுக்கு மாற்றியிருக்கிறார் என்பது அன்றைக்கு எங்களுக்குப் பெரிய அதிசயமாக இருந்தது.

அந்த உற்சாகத்தில் நாங்களே ஒரு நாடகம் எழுதினோம். அக்காவின் சீதனத்துக்காகக் கொழும்பில் வேலைசெய்யும் தம்பியின் கதை. கல்லூரி நாடக விழாவில் 25 நிமிடம் தந்தார்கள். நாங்கள் அதற்குள் 11 காட்சிகள் வைத்தோம். கோட்டை ரயில் நிலையம், யாழ்தேவிப் பெட்டி, சாப்பாட்டுக் கடை, கந்தோர், யாழ்ப்பாணத்து வீட்டுத் திண்ணை, மறுபடி கந்தோர். ஒவ்வொரு காட்சிக்கும் திரை விழுந்தது, எழும்பியது. திரைக்குப் பின்னால் மேசை கதிரை இழுக்கும் சத்தம் வசனத்தைவிடப் பெரிதாகக் கேட்டது. ஆறாவது காட்சியில் கயிறு சிக்கித் திரை பாதியில் நின்றுவிட்டது. தம்பியாக நடித்த நான் கந்தோர்ச் சட்டையோடு திண்ணையில் நின்றேன். சபையில் யாரும் சிரிக்கவில்லை, இருமத் தொடங்கினார்கள். அது சிரிப்பைவிட மோசமாக இருந்தது.

அடுத்த நாள் ஆசிரியர் எங்களைக் கூப்பிட்டார். ஏசப்போகிறார் என்று பயந்துகொண்டு போனோம்.

"தம்பிமார், நீங்கள் எழுதினது படம். அதைக் கொண்டுபோய் மேடையில போட்டிருக்கிறியள்."

"அப்ப மேடைக்கு எப்பிடி எழுதுறது, சேர்?"

"ஆக்களை வெளியில கொண்டுபோகாதையுங்கோ. வெளியில நடந்ததை உள்ளுக்குக் கொண்டு வாங்கோ."

இந்த ஒரு வாக்கியத்தை எழுதிவைத்த கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. அதற்குப் பிறகு மூன்று மாதம், கிழமைக்கு ஒரு நாள், பள்ளி விட்ட பிறகு அவரோடு உட்கார்ந்து எழுதினோம். ஒரே சம்பவத்தை மூன்று விதமாக எழுத வேண்டும். மகன் வேலை போன செய்தியோடு வீட்டுக்கு வருகிறான், அதைத் தாயிடம் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருக்கிறான். அவ்வளவுதான் சம்பவம்.

படமென்றால் அவன் முன்னால் இருக்கும் தேத்தண்ணிக் கோப்பையைக் கிட்டவாகக் காட்டினால் போதும். பால் ஆடை படிந்திருக்கிறது. அவன் எவ்வளவு நேரமாக அப்படியே இருக்கிறான் என்பது பார்ப்பவருக்கு விளங்கிவிடும். மேடையில் இது நடக்காது. கடைசி வரிசையில் இருப்பவருக்குக் கோப்பையே தெரியாது, ஆடை எங்கே தெரியப்போகிறது? ஆகவே தாய் வர வேண்டும். குனிந்து கோப்பையைப் பார்க்க வேண்டும், ஒன்றும் பேசாமல் எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். அவள் நடந்து போகும் அந்த நாலு அடிதான் வசனம். றேடியோவில் கோப்பையும் இல்லை, நடையும் இல்லை. அங்கே தாய் "தேத்தண்ணி ஆறிப்போச்சு, மோனை" என்று சொல்லியே ஆக வேண்டும். சொன்ன பிறகு மகன் உடனே பதில் சொல்லக் கூடாது. அந்த இடைவெளியில் ஒரு காகம் கத்தலாம். ஆனால் இடைவெளி கொஞ்சம் நீண்டால், றேடியோ பழுதாகிவிட்டதென்று நினைத்துக் கேட்பவர் எழும்பிப் பொத்தானைத் திருகுவார்.

இதை எழுதி எழுதிப் பார்த்த பிறகுதான் சில்லையூர் செய்தது எவ்வளவு பெரிய வேலை என்று எங்களுக்கு உறைத்தது. நாங்கள் ஒரு கோப்பையை மாற்ற மூன்று கிழமை எடுத்தோம். அவர் ஒரு முழுக் குடும்பத்தை, அவர்களுடைய வீட்டை, ஊரை, பார்வைகளை, பேசாமல் இருந்த நேரங்களை எல்லாம் குரலாக மாற்றி, கிழமைக்குக் கிழமை கேட்பவரைக் காத்திருக்க வைத்தார். யாழ்ப்பாணத்துப் பேச்சை அவர் எழுதிய விதம் அதற்குப் பெரிய துணை. யாரும் தாங்கள் யார் என்று அறிமுகம் சொல்வதில்லை. யார் யாரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுகிறார்கள், எங்கே "நீ" சொல்கிறார்கள், எங்கே "நீங்கள்" சொல்கிறார்கள் என்பதிலேயே உறவும் கோபமும் தெரிந்துவிடும்.

அந்த மூன்று மாதத்துக்குள் ஆசிரியர் எங்களை ஒரு நாடக ஒலிப்பதிவுக்குக் கூட்டிக்கொண்டு போனார், தெரிந்தவர் ஒருவர் மூலமாக. அது தணியாத தாகம் இல்லை, வேறொரு சிறு நாடகம். கண்ணாடிக்குப் பின்னால் மூச்சு விடாமல் நின்றோம். நடிகர்கள் எல்லோரும் ஒரே மைக்கைச் சுற்றி நின்றார்கள். வாசலில் நின்று பேச வேண்டியவர் இரண்டு அடி பின்னுக்குப் போய் முகத்தைத் திருப்பிப் பேசினார், கிட்ட வரவர வீட்டுக்குள் வந்துவிட்டார். பிரதியின் தாள்களை யாரும் புரட்டவில்லை, வாசித்து முடித்த தாளை அப்படியே காற்றில் விட்டார்கள், அது தரையில் விரித்த கம்பளத்தில் சத்தமில்லாமல் விழுந்தது. முடிந்தபோது தரையெல்லாம் தாள். அதைப் பார்த்த பிறகு வானொலி நாடகத்தை "சும்மா வாசிக்கிறது" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

படத்துக்கு எழுதியதை வானொலிக்குக் கொண்டுவந்த சில்லையூருக்கு நேர் எதிர்த் திசையில் போனவர் எஸ். ராம்தாஸ். அவருடைய கோமாளிகள் என்ற நகைச்சுவை நாடகம் வானொலியில் பிறந்து 1976இல் படமானது. அதில் அவர் மரிக்காராக நடித்தார், ரி. ராஜகோபால் அப்புக்குட்டி, செல்வசேகரன் உபாலி, அப்துல் ஹமீத் ஐயர். முஸ்லிம் பேச்சு, யாழ்ப்பாணப் பேச்சு, சிங்களவர் பேசும் தமிழ், ஐயரின் பேச்சு எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. இது கொழும்பிலேதான் எழுதப்படக்கூடிய நகைச்சுவை. எங்கள் ஒழுங்கையில் மாலையில் நடப்பதே இதுதான். படத்தில் கமலினி செல்வராசனும் நடித்தார். நாங்கள் கூட்டமாகப் போய்ப் பார்த்தோம், மிகவும் ரசித்தோம். அப்புறம் வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரு நண்பன், நான் நினைத்த அப்புக்குட்டி இவர் இல்லை என்று சொன்னான். குரல் அதேதான், ஆளும் அவரேதான். ஆனால் இரண்டு மூன்று வருடமாக அவன் மனதில் வேறொரு அப்புக்குட்டி நடமாடிக்கொண்டிருந்தார். சிரிக்க வைக்கும் எழுத்து வானொலியிலிருந்து திரைக்குப் போகும்போது எதையாவது இழக்கிறதா என்று அன்றைக்கு மூன்று பஸ் போகும்வரை விவாதித்தோம். இழக்கிறது என்பதுதான் இன்றும் என் எண்ணம். அதற்காகப் படம் எடுக்காமல் இருந்திருக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன்.

ஏனென்றால் அந்தக் காலத்தில் இங்கே ஒரு தமிழ்ப் படம் எடுத்து முடிப்பதே தவம். கட்டடக் கலைஞர் வி. எஸ். துரைராஜா 1972இல் குத்துவிளக்கைத் தயாரித்தார். 1977இல் தர்மசேன பத்திராஜ பொன்மணியை இயக்கினார், அதற்குக் கதைவசனம் நம்முடைய காவலூர் ராஜதுரை. இந்தியப் படங்கள் மாதக்கணக்கில் ஓடிய தியேட்டர்களில் இவற்றுக்குக் கிடைத்தது கொஞ்ச இடம்தான். 1983 ஆடியில், தமிழருக்கு எதிரான கலவரத்தில், ஹெந்தளையில் விஜயா ஸ்டூடியோ எரிந்தது. எத்தனையோ படச்சுருள்கள் அதோடு போயின. தணியாத தாகம் திரைக்கு வராமலே போய்விட்டதே என்று நான் பல வருடம் வருந்தியிருக்கிறேன். ஆடிக் கலவரத்துக்குப் பிறகு அந்த வருத்தத்தின் நிறம் மாறிவிட்டது. புத்தகமாக இருந்தபடியால் அது இருந்தது.

எங்கள் வீட்டில் எதுவும் மிஞ்சவில்லை. றேடியோவும் போயிற்று. ஆசிரியரின் வீடு தப்பியது. 1984இல் நான் வெளிநாடு புறப்படுமுன் அவரிடம் விடைபெறப் போனேன். அலுமாரியைத் திறந்து அந்தப் புத்தகத்தை எடுத்துத் தந்தார். "வாசிச்சு முடிச்சுத் திருப்பித் தா" என்றார். திருப்பிக் கொடுக்கப் போக எனக்கு 14 வருடம் ஆனது, அதற்குள் அவர் காலமாகிவிட்டார். சில்லையூரும் 1995இல் கொழும்பிலேயே மறைந்துவிட்டார். 2014இல் டொரண்டோவில் பாலச்சந்திரன், அடுத்த வருடம் கமலினி. சோமுவும் கமலியும் ஒருவர் பின் ஒருவராகப் போன செய்தியை இணையத்தில் வாசித்தேன்.

மகள் கேள்வி கேட்ட அன்று இரவு புத்தகத்தை எடுத்தேன். முதுகு கழன்று, தாள்கள் பழுத்துப் போயிருக்கின்றன. ஓரத்தில் ஆசிரியரின் நீலப் பேனாக் குறிகள். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும், ஆனால் மெதுவாகத்தான். கமலியின் வசனங்களை அவள் வாசிக்க, மிச்சம் எல்லாரையும் நான் வாசித்தேன். ஒரு பக்கம் முடிந்ததும் அவள் தாளைத் திருப்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "அந்த விறாந்தை சிவப்புச் சீமெந்தா அப்பா?" என்று கேட்டாள். புத்தகத்தில் அப்படி எங்கேயும் இல்லை. நான் ஓம் என்றேன்.