மைக் இல்லாத நான்காவது ஆள்

"எல்லோரும் எங்கே இருக்கிறீர்கள்?"

மூன்று முறை கேட்டுவிட்டேன். பதில் இல்லை.

நேற்று இரவு பப்ஜி, விமானத்திலிருந்து குதித்து இறங்கிச் சண்டை போடும் இணைய விளையாட்டு. அதில் எராங்கல் என்ற வரைபடம். 8-க்கு 8 கிலோமீட்டர் நிலம், 100 பேர், எங்கள் அணியில் 4 பேர். பொச்சின்கி என்ற ஊரில் ஒன்றாக இறங்கலாம் என்று வரைபடத்தில் குறியிட்டேன். ஒருவர் பள்ளிக்கூடத்தில் குதித்தார். இன்னொருவர் கடல் தாண்டி ராணுவத் தளத்துக்கே போய்விட்டார்.

நான்காவது ஆளிடம் மைக் இல்லை. ஆனால் நான் ஒவ்வொன்று சொன்னதும் வரைபடத்தில் அவருடைய மஞ்சள் குறி விழும். புரிந்தது, வருகிறேன் என்று அர்த்தம்.

அப்போதுதான் உறைத்தது. நான் "இடது பக்கம், இடது பக்கம்" என்று கத்திக்கொண்டிருந்தேன். நாலு பேரும் நாலு திசை பார்த்து நின்றால் யாருடைய இடது?

அப்புறம் திரையில் தெரியும் திசைகாட்டி எண்ணை மட்டும் சொன்னேன். "340, கல் வீடு, ஒருவன்." சட்டென்று இரண்டு துப்பாக்கிகள் அந்தப் பக்கம் திரும்பின.

ராணுவத் தளத்துக்காரரை அழைத்துவரப் பாலத்துக்குப் போனோம். பாதியில் சுடப்பட்டு விழுந்தேன். தூக்கிவிட 10 விநாடி ஆகும், அங்கே அது ரொம்ப நீளம். யாரும் கேட்காமலே புகைக்குண்டு வந்து விழுந்தது. மைக் இல்லாதவர்தான் என் பக்கத்தில் குனிந்திருந்தார்.

ஜெயிக்கவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு முதலில் அவருக்குத்தான் அழைப்பு அனுப்பினேன். விமானத்தில் ஏறியதுமே மஞ்சள் குறி விழுந்தது.

இந்த முறை நான் அதன் பின்னால் குதித்தேன்.