அம்மா இழைத்த பாயும் பெண் மூளையும்

சென்ற ஆண்டு க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறுகள் வெளியாகி இரண்டு கிழமைகள் கழிந்த ஒரு காலையில், கணிதத்தில் ‘ஏ’ சித்தி பெற்றிருந்த ஒரு மாணவியுடன் அவளுடைய தாயும் தந்தையும் என்னைச் சந்திக்கப் பாடசாலைக்கு வந்திருந்தார்கள். அவள் உயர்தரத்தில் கணிதப் பிரிவைக் கேட்டிருந்தாள். தந்தை மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் வயல் செய்பவர். மகள்மீது உயிரையே வைத்திருப்பவர். அவர் மிகுந்த மரியாதையோடு சொன்னார்: “டீச்சர், கணக்குப் பிரிவெல்லாம் பொம்புளப் புள்ளைட மூளைக்குச் சரிவராது. அவள் இளகின மனசுக்காரி. ஆர்ட்ஸ் படிச்சி, டீச்சரா வந்தாக் காணும்.”

அவருக்கு எதிரே அமர்ந்திருந்த நானும் ஒரு பெண் என்பதும், பத்தொன்பது ஆண்டுகளாகக் கணிதமே கற்பித்து வருகிறேன் என்பதும் அவருக்குத் தெரியாதவை அல்ல. ஆனால் என்னை அவர் விதிவிலக்காக ஒதுக்கி வைத்துவிட்டார். பெண்ணின் மனத்தைப் பற்றி நம்மிடையே நிலவும் எண்ணங்கள் இவ்வளவு காலம் தாக்குப்பிடிப்பதற்கு இந்த ஒதுக்கி வைத்தல்தான் முதற்காரணம் என்று நினைக்கிறேன். செய்துகாட்டிய பெண் தனியாள் ஆகிவிடுகிறாள். தவறிய பெண்ணோ எல்லாப் பெண்களுக்கும் சாட்சியாகிவிடுகிறாள். அன்று அந்தத் தந்தையிடம் நான் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். சொல்ல விரும்பியதை இங்கே எழுதுகிறேன்.

ஆண், பெண் மனங்கள் அடியோடு வேறானவை என்ற நம்பிக்கையை உளவியலாளர்கள் பல்லாண்டுகளாக அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் ஜேனட் ஹைட் 2005 இல் வெளியிட்ட கட்டுரையில், அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டிச் செய்யப்பட்ட 46 தொகுப்பாய்வுகளை ஒன்றாக வைத்து நோக்கினார். கணிதம், மொழி, தன்மதிப்பு, தலைமைத்துவம் எனப் பலவற்றையும் தழுவிய அந்த அளவீடுகளில் 78 வீதமானவற்றில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான வேறுபாடு மிகச் சிறியதாகவோ ஏறத்தாழ இல்லாததாகவோ இருந்தது. ஒரே வகுப்பில் இருக்கும் இரண்டு பெண் பிள்ளைகளுக்கு இடையில் நான் நாள்தோறும் காணும் வேறுபாடு, ஆண் பிள்ளைகளின் சராசரிக்கும் பெண் பிள்ளைகளின் சராசரிக்கும் இடையிலானதைவிட எத்தனையோ மடங்கு பெரியது.

வேறுபாடே கிடையாது என்று சாதிப்பதும் நேர்மையாகாது. ஓர் உருவத்தை மனத்துக்குள்ளேயே சுழற்றிப் பார்த்து, அது மற்றோர் உருவத்தோடு பொருந்துமா என்று கண்டறியும் திறனில் ஆண்களின் சராசரி உயர்ந்திருப்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட உண்மை. ரோஜர் ஷெப்பர்ட், ஜாக்குலின் மெட்ஸ்லர் ஆகிய இருவரும் 1971 இல் வடிவமைத்த சோதனையை அடியொற்றியே இத்திறன் பெரும்பாலும் அளக்கப்படுகிறது. பொறியியலும் கேத்திரகணிதமும் பெண்ணுக்கு ஒத்துவராது என்று வாதிடுபவர்கள் கடைசியில் வந்து நிற்பதும் இந்த இடத்தில்தான். ஆனால் இதே திறனைக் குறித்து டொரன்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007 இல் வெளியிட்ட முடிவை அவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. மொத்தம் 10 மணித்தியாலங்கள் வேகமான கணினி விளையாட்டு ஒன்றை விளையாடிப் பழகிய பிறகு இருபாலாரின் திறனும் உயர்ந்தது. அதிலும் பெண்களின் உயர்வு கூடுதலாக இருந்தமையால் இடைவெளி வெகுவாகக் குறைந்தது. பத்து மணித்தியாலப் பழக்கத்தில் சுருங்கிவிடுகிற ஒன்றைப் பிறவிக்குணம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதை வாசித்த அன்று எனக்கு அம்மாவின் நினைவுதான் வந்தது. அம்மா பன் என்ற புல்லால் பாய் இழைப்பார். வாவிக்கரையில் வெட்டிய பன்னைக் காயவைத்து, ஒரு பகுதியைச் சாயத்தில் அவித்து, சிவப்பும் ஊதாவும் பச்சையுமாகப் பிரித்துக் கட்டிவைத்துவிட்டு, பின்னேரங்களில் திண்ணையில் குந்துவார். பாய் ஒரு மூலையில் தொடங்கிச் சாய்வாக வளரும். இழைத்த பகுதியின்மேல் ஒரு முழங்காலை ஊன்றிக்கொண்டு, இரண்டை எடுத்து ஒன்றை விட்டு, பிறகு ஒன்றை எடுத்து இரண்டை விட்டு, உதடு அசையாமல் எண்ணுவார். நடுவில் வரவேண்டிய பூவின் கால்வாசிதான் அந்நேரம் கண்ணுக்குத் தெரியும். மிகுதி முக்கால்வாசி எந்தப் பக்கம் திரும்பி எங்கே வந்து பொருந்தும் என்பது அவருடைய மனத்துக்குள் மட்டுமே இருக்கும். நிறம் மாற்ற வேண்டிய இடத்தில் ஓர் இழை பிசகிவிட்டால், ஒரு முழம் தள்ளிப் பூ கோணிவிடும் என்பதை அப்போதே கண்டு பிரித்துவிடுவார். அவர் கண் முன்னால் படம் எதுவும் இருந்ததில்லை, கையில் அளவுகோலும் இல்லை. ஓர் உருவத்தை மனத்தில் சுழற்றிப் பார்ப்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் எந்தப் பாடநூலிலும் கண்டதில்லை. ஆயினும் எங்கள் வீட்டில் அதற்குக் கைவேலை என்றே பெயர். அப்பா வயல் வரம்பைக் காலடியால் அளந்து சொன்னபோது அதைக் கணக்கு என்றார்கள்.

மட்டக்களப்பாரும் அம்பாறையாரும் இந்த விடயத்தில் மற்றவர்களைவிட ஆழமாகச் சிந்திக்கக் கடமைப்பட்டவர்கள் என்பேன். வடகிழக்கு இந்தியாவின் மேகாலயாவில் காசி என்ற இனத்தாரிடையே பரம்பரைச் சொத்து கடைசி மகளுக்குச் செல்கிறது. அவர்களுக்கு அருகே வாழும் கார்பி இனத்தாரிடையே அது ஆண்வழியில் செல்கிறது. இரண்டு இனத்தாரையும் சேர்ந்த ஏறத்தாழ 1,300 பேரிடம் நான்கு துண்டுகளாலான படப் புதிர் ஒன்றைக் கொடுத்துச் சேர்க்கச் சொன்ன ஆய்வு 2011 இல் வெளியாயிற்று. கார்பி ஆண்கள் பெண்களைவிட 36 வீதம் குறைந்த நேரத்தில் புதிரைச் சேர்த்தார்கள். காசி இனத்தாரிடையே அந்த வேறுபாடு காணப்படவில்லை. கார்பிப் பெண்கள் ஆண்களைவிடக் குறைந்த ஆண்டுகளே படித்திருந்தது அந்த இடைவெளியின் ஒரு பகுதிக்குக் காரணம் என்றும் ஆய்வாளர்கள் கண்டார்கள்.

நம்முடைய மண்ணிலும் குடி என்ற குலப்பிரிவு தாய்வழியில்தான் எண்ணப்படுகிறது. தமிழரானாலும் முஸ்லிம்களானாலும், திருக்கோவிலானாலும் காத்தான்குடியானாலும், வீடு மகளுக்கு எழுதப்படும். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவார். கல்யாணமான மகள் தாயின் அடுத்த வளவில் வாழ்வதால் கிடைக்கிற தெம்பு என்னவென்று வெளியூரில் வாழ்க்கைப்பட்ட பெண்களிடம் கேட்டால் தெரியும். அப்படியிருந்தும், வீடு அவளுடையதாக இருக்கையிலேயே அந்த வீட்டின் தீர்மானங்களை அவளுடைய மூளைக்கு அப்பாற்பட்டவையாகப் பேசக் கற்றுக்கொண்டிருக்கிறோம். 2004 சுனாமிக்குப் பின்னர் கட்டிக்கொடுக்கப்பட்ட வீடுகள் பலவற்றுக்கு உறுதி எழுதும்போது குடும்பத் தலைவர் என்ற சொல்லுக்கு ஆண் என்றே பொருள் கொள்ளப்பட்டது. தலைமுறை தலைமுறையாகத் தாயிடமிருந்து மகளுக்கு வந்த வளவுகளின் பெண் பிள்ளைகள் ஒரு தாளில் அந்த உரிமையை இழந்தார்கள். பெண் இயல்பாகவே பிறர் நிழலில் இருப்பவள் என்ற எண்ணம் அந்தப் படிவத்தை வகுத்தவர்களின் மனத்தில் இருந்தது. நம்மில் பெரும்பாலோர் அதைத் தட்டிக் கேட்கவும் இல்லை.

சுனாமியைப் பற்றி இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அம்பாறை மாவட்டத்து முகாம்களில் தங்கியிருந்த குடும்பங்களிடையே எடுக்கப்பட்டு 2006 இல் வெளியான கணக்கின்படி, பெண்கள் இறந்த வீதம் ஆண்கள் இறந்ததைப்போல் இரு மடங்குக்கும் அதிகம். அந்நாட்களில் “பொம்புளைகள் பயந்து நிண்டுட்டாங்க” என்று பலர் சொல்லக் கேட்டேன். என் அண்ணன்மார் ஏழு வயதிலேயே வாவியில் நீந்தப் பழகினார்கள், தென்னையில் ஏறப் பழகினார்கள். அவர்களுடைய உடுப்புகளைக் காத்துக்கொண்டு கரையில் நின்றவள் நான். கழற்றவும் முடியாமல் காலைச் சுற்றும் சேலையோடு, இடுப்பில் ஒரு பிள்ளையோடு, நீந்தத் தெரியாமல் அந்தத் தண்ணீருக்குள் நின்றவர்களின் மனத்தில் குறை காண்பதற்கு எவருக்கும் உரிமையில்லை. கற்றுக்கொடுக்காமல் விட்டதை இயல்பு என்று பெயரிட்டு அழைப்பது அங்கே உயிர்களைக் கொண்டுபோயிற்று.

பெண்ணின் பொறுமையைப் புகழ்வதும் எனக்கு அச்சமூட்டுகிறது. மனச்சோர்வு நோய் பெண்களிடம் ஆண்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு காணப்படுகிறது என்பது உலகெங்கும் தெரிந்த செய்தி. ஆனால் எங்கள் ஊர்த் தாய்மார் அதைச் சோர்வு என்று சொல்வதில்லை. தலையிடி என்பார்கள், நெஞ்சுப் பாரம் என்பார்கள், பனடோல் வாங்கிப் போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போவார்கள். பொறுத்துப்போவது பெண்ணின் குணம் என்று சுற்றியிருப்பவர்கள் நம்பியிருக்கும்போது, அவள் நோயுற்றிருப்பதை யார் கவனிப்பார்கள்? வைகாசி மாதம் வந்தால் ஊர் ஊராகக் கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்தி பாடுகிறோம். ஒரு பெண்ணின் கோபம் நியாயமானது என்று ஏற்று அதை ஆற்ற முனையும் சடங்கு அது. அம்மனுக்குக் கொடுக்கிற அந்த ஏற்பை நம் வீட்டுப் பெண்களுக்கும் கொடுக்கலாம். ஆண் பிள்ளையை அழாதே என்று வளர்ப்பதும் இதே தவறுதான். இந்நாட்டில் தற்கொலையால் இறப்பவர்களில் ஆண்களே பல மடங்கு அதிகம்.

அன்று அந்தத் தந்தையிடம் ஆய்வுகளைப் பற்றிப் பேசவில்லை. மகளுடைய பரீட்சைத் தாள்களை எடுத்து மேசையில் பரப்பினேன். கேத்திரகணிதக் கேள்விகளுக்கு அவள் வரைந்திருந்த உருவங்களை அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை பேசாதிருந்த தாய், சேலைத் தலைப்பைக் கையில் சுற்றியபடி, “அவள் பாய் இழைக்கக்குள்ளயும் ஒரு எண்ணம் பிசகாது டீச்சர்” என்றார். பாய் இழைக்கும் வீடு என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு தவணை பார்ப்போம் என்று தந்தை கையொப்பமிட்டார்.

இப்போது இரண்டாம் தவணை நடக்கிறது. அவள் கணிதப் பிரிவில்தான் இருக்கிறாள். விசையியலில் கொஞ்சம் திணறுகிறாள், ஆண் பிள்ளைகளும் திணறுகிறார்கள். வரும் திங்கட்கிழமை தரம் எட்டுப் பிள்ளைகளுக்குச் சுழற்சிச் சமச்சீர் தொடங்க இருக்கிறேன். பாதி இழைத்த பாய் ஒன்றைப் பிரிக்காமல் அப்படியே தந்துதவும்படி அவளுடைய தாயிடம் கேட்டிருக்கிறேன். தானே கொண்டுவந்து காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.