ஒரு டிக்

ரஷ்யா உக்ரைனுக்குள் படையை அனுப்பியிருந்த 2022 மார்ச்சில் எங்கள் டீ நேரப் பேச்சு முழுக்க, எந்த மென்பொருள் கம்பெனி எந்தத் தேதியில் ரஷ்யாவை விட்டு வெளியேறியது என்பதுதான். மார்ச் 2 அன்று உக்ரைன் அமைச்சர் மிகைலோ ஃபெடோரோவ் ரஷ்யாவில் வியாபாரத்தை நிறுத்துங்கள் என்று ட்விட்டரில் எல்லார் முன்னாலும் கேட்க, ஆரக்கிள் அன்றைக்கே ‘நிறுத்திவிட்டோம்’ என்று பதில் போட்டது. எஸ்ஏபி விற்பனையை நிறுத்தியதும் அன்றுதான். 4ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் புது விற்பனையை நிறுத்தியது. 11ஆம் தேதி, புரோகிராம் எழுதுகிறவர்களுக்கான கருவிகள் செய்யும் ஜெட்பிரெயின்ஸ். ஆரம்பித்தவர்களே ரஷ்யர்கள், பீட்டர்ஸ்பர்க்கில் பெரிய ஆபீஸ். அவர்களே கிளம்புகிறார்கள் என்றதும்தான் எங்களுக்கு விஷயம் உறைத்தது.

எங்கள் கம்பெனி யார் கண்ணிலும் படாத சைஸ். சின்ன வியாபாரிகளுக்கு ஸ்டாக், பில்லிங் மென்பொருள் விற்கும் ஐரோப்பியக் கம்பெனி. விலகுகிறோம் என்று அறிவித்தது அவர்கள். வாடிக்கையாளருக்கு அதை எழுதும் வேலை சேலம் ஜாகீர் அம்மாபாளையத்தில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு.

டெம்ப்ளேட் மூன்றே வரி. சேவை இந்தத் தேதியோடு நிற்கும். மீதிப் பணத்தை இப்போது திருப்பித் தர இயலாது. இதுவரை தந்த ஆதரவுக்கு நன்றி. இரண்டாவது வரியில் பொய் இல்லை. விசாவும் மாஸ்டர்கார்டும் அங்கே கடையைக் கட்டியாகிவிட்டது, 12ஆம் தேதி ஏழு ரஷ்ய வங்கிகளை, நாடு விட்டு நாடு பணம் அனுப்ப வங்கிகள் பயன்படுத்தும் ஸ்விஃப்ட்டிலிருந்து எடுத்தும்விட்டார்கள். மூன்றாவது வரியைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. அதற்கு மேல் ஒரு வார்த்தை எழுதக் கூடாது என்பது உத்தரவு.

பெரும்பாலானவர்கள் திட்டினார்கள், அதற்குப் பதில் எழுதுவது சுலபம். இந்த ஒருவர் திட்டவில்லை. ஊர் நபெரெஷ்னியே செல்னி, காமாஸ் லாரித் தொழிற்சாலை இருக்கிற ஊர். ஸ்பேர் பார்ட்ஸ் மொத்த வியாபாரம். ‘டிசம்பர் வரை பணம் கட்டியிருக்கிறேன், அது போகட்டும். என் பழைய கணக்கை எடுத்துக்கொள்ள வேண்டும். கணக்கை ஃபைலாக இறக்க எக்ஸ்போர்ட் கொடுத்தால் ஆயிரம் ஆயிரம் வரியாகத்தான் வருகிறது, நீங்கள் சொன்ன தேதிக்குள் முடியாது.’ கூடவே ஒரு ஸ்க்ரீன்ஷாட். பெயர்கள் சிரிலிக்கில், எனக்கு ஓர் எழுத்து தெரியாது. ஆனால் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் பொடிப் பொடியாகப் படம். கிளட்ச் பிளேட், ஏர் ஃபில்டர், ஸ்பிரிங் பட்டை. வலது ஓரத்தில் இருப்பு.

சங்ககிரியில் என் மாமா லாரி ஸ்பேர்ஸ் கடை வைத்திருக்கிறார். பள்ளி லீவில் எனக்கு அங்கே இருப்பு எழுதுகிற வேலை. அந்தப் படங்களை வாசிக்க எனக்கு ரஷ்ய மொழி தேவைப்படவில்லை. காமாஸும் மாமாவுக்குப் புதுசில்லை. ஓசூரிலேயே ஒரு காலத்தில் அந்த லாரியைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் அட்மின் பேனலில் ‘வரி வரம்பை நீக்கு’ என்று ஒரு டிக் பாக்ஸ் உண்டு. பெரிய வாடிக்கையாளர் கேட்டால் போட்டுவிடுவோம், யாரிடமும் கேட்பதில்லை. டெம்ப்ளேட்டைத் தாண்டி எழுதாதே என்றார்களே தவிர, டிக் போடாதே என்று யாரும் சொல்லவில்லை. போட்டேன். மூன்று வரிப் பதிலையும் அப்படியே அனுப்பினேன். என்ன செய்தேன் என்று அந்த டிக்கெட்டின், அதாவது வாடிக்கையாளர் கேள்விப் பதிவின், உள் குறிப்பில் எழுதியும் வைத்தேன். ஒளித்துச் செய்த காரியம் இல்லை என்பதை நான் இப்போதும் எல்லாருக்கும் சொல்வேன்.

குறிப்பைப் படித்தது அடுத்த ஷிஃப்ட் எடுத்தவள். உக்ரைனின் கார்கிவ்காரி, அப்போது அந்நாட்டின் மேற்கே லிவீவில் உறவினர் வீட்டில் இருந்தாள். கார்கிவில் மெட்ரோ ஓடவில்லை, குண்டுக்குப் பயந்து ஸ்டேஷன்களில் ஜனங்கள் படுத்துக் கிடந்தார்கள். மார்ச் 1 அன்று கர்நாடகத்து மருத்துவ மாணவர் ஒருவர் அதே ஊரில் ஷெல்லடியில் செத்துப்போன பிறகு, இங்கே எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குக்கூட அந்த ஊர்ப் பெயர் மனப்பாடம். லீவு எடுத்துக்கொள் என்று கம்பெனி சொல்லியும் அவள் எடுக்கவில்லை. வேலை இருந்தால் யோசிக்காமல் இருக்கலாம் என்றாள்.

சாட்டில் கேட்டாள்: ‘இந்த டிக் நீ போட்டதா?’

‘ஆமாம். அவருடைய கணக்கு, அவர் எடுத்துக்கொள்கிறார்.’

‘என்ன விற்கிறார் என்று பார்த்தாயா?’

‘பார்த்தேன். லாரி ஸ்பேர்ஸ்.’

‘சரி. அடுத்த டிக்கெட்டை நான் எடுக்கிறேன்.’

அவ்வளவுதான். சண்டை இல்லை, மேலிடத்துக்குப் புகார் இல்லை. அடுத்த நாள் ஒரு டாக்ஸ் கணக்குப் பிழையைப் பற்றி இருவரும் வழக்கம் போலப் பேசினோம்.

அந்த இரண்டாவது கேள்விக்கு நான் ‘பார்க்கவில்லை’ என்று சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். பார்த்தேன் என்பதுதான் சிக்கல். ரஷ்ய ராணுவமும் காமாஸ் லாரியில் சாமான் ஏற்றுகிறது. அந்த ஸ்பிரிங் பட்டை ரொட்டி ஏற்றும் லாரிக்குப் போனதா, குண்டு ஏற்றும் லாரிக்குப் போனதா என்று ஸ்டாக் லிஸ்டில் எழுதியிருக்காது. சரி, அவருக்கு நான் கொடுத்தது பட்டை இல்லையே, பழைய பில்தானே? அங்கே ஆளாளுக்கு வைத்திருக்கும் 1சி என்ற உள்ளூர் மென்பொருளுக்கு எப்படியும் மாறியிருப்பார். நான் டிக் போடாவிட்டால் இரண்டு ஆளை உட்காரவைத்து ஆயிரம் ஆயிரமாக இறக்கியிருப்பார். ஆனால் இந்த வாதத்தின் வாலைப் பிடித்துக்கொண்டே போனால், நாங்கள் விலகியதாலும் ஒன்றும் ஆகவில்லை என்ற இடத்தில் போய் நிற்கும். அதை அவளிடம் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை.

‘அவருடைய கணக்கு’ என்று நான் சொன்னது அழகான கொள்கை. மற்றவர்கள் கேட்டபோது அந்தக் கொள்கை எங்கே போயிருந்தது? திட்டிய பத்துப் பேரில் யாருக்காவது வரம்பு இடித்ததா என்று நான் போய்ப் பார்க்கவில்லை. மாமா கடை மாதிரி இருந்ததால் இவருக்குப் போட்டேன். மரியாதையாகக் கேட்டதாலும்தான்.

எங்கள் டீமில் முகாமில் பிறந்து வளர்ந்த தம்பி ஒருவன் இருக்கிறான். சேலம் மாவட்டத்து இலங்கைத் தமிழர் முகாம்களில் ஒன்று. அவனிடம் சொன்னால் என் பக்கம் பேசுவான் என்று நினைத்தேன். ஏன் அப்படி நினைத்தேன் என்பது தனிக் கதை. அகதி வீட்டுப் பிள்ளை என்றால் எல்லாரிடமும் இரக்கம் இருக்கும் என்று நாமாக முடிவு கட்டிக்கொள்கிறோம். தட்டுவடை செட்டை மென்றுகொண்டே முழுக்கக் கேட்டான்.

“எங்க தாத்தா 90ல படகு ஏறும்போது காணி உறுதிய, அதான் நிலப் பத்திரத்த, ஒரு டப்பாவுல போட்டு எடுத்துட்டு வந்தாருக்கா. இன்னும் இருக்கு, அப்பா லேமினேட் பண்ணி வெச்சிருக்காரு. பேப்பர் மட்டும்தான் வந்துச்சு, காணி வரல.”

“அப்போ பேப்பராவது வேணும்தானே?”

“வேணும்தான். ஆனா நானா இருந்தா டிக் போட்டிருக்க மாட்டேன்.”

“ஏன்டா?”

“அந்தக்கா அடுத்த ஷிஃப்ட்டுல பாப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியும்ல?”

தெரியும். ஷிஃப்ட் ஷீட் போடுவதே நான்தான். ஆனால் டிக் போட்ட நேரத்தில் அவள் நினைவு வந்ததா என்று கேட்டால் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வந்திருந்தால் நிறுத்தியிருப்பேனா? ஒருவர் ஊரில் குண்டு விழுகிறது என்பதற்காக இன்னொருவர் பழைய பில்லைப் பிடித்து வைப்பது நியாயமா என்று கேட்க எனக்கு வாய் இருக்கிறது. சேலத்தில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து நியாயம் கேட்பது யார் என்று அவளும் திருப்பிக் கேட்கலாம். அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இந்த விலகலில் எங்களுக்கு நஷ்டமே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ரஷ்ய டெஸ்கில் இருந்தவர்கள் ஆர்மீனியாவின் யெரெவானுக்கும் செர்பியாவின் பெல்கிரேடுக்கும் சிதறினார்கள். சிலர் வேலையை விட்டார்கள். அவர்கள் பார்த்த மற்ற நாட்டு டிக்கெட்டுகள் எங்களுக்கு வந்தன, புதிதாக ஆள் எடுத்தோம், எனக்குப் பதவியும் ஒரு படி ஏறியது. ஏற்காடு அடிவாரத்தில் ஒரு பிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தது அந்தச் சம்பளத்தில்தான்.

2023 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் தனது 12ஆவது தடைத் தொகுப்பில், ரஷ்யாவுக்கு நிறுவன நிர்வாக மென்பொருள் கொடுப்பதையே தடை செய்தது. அந்தச் செய்தியைப் படித்ததும் அப்பாடா என்று இருந்தது. இனி எவராவது கேட்டால் சட்டம் என்று சொல்லிவிடலாம், படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டியதில்லை. அந்த நிம்மதி எனக்கே பிடிக்கவில்லை. 2022இல் எங்கள் விலகல் கம்பெனியின் சொந்த முடிவு. அதனால்தான் எனக்கும் ஒரு முடிவு எடுக்க இடம் இருந்தது. அந்த இடம் போனதில் சந்தோஷப்படுகிற ஆளா நான் என்று யோசித்தால், ஆமாம் போலிருக்கிறது.

இப்போது புதிதாகச் சேருபவர்களுக்கு ‘கணக்கை மூடும் வாடிக்கையாளர்’ என்று ஒரு வகுப்பு எடுக்கிறேன். இந்தக் கதையையும் பெயர் சொல்லாமல் சேர்த்துக்கொள்வேன். போன முறை வகுப்பு முடிந்ததும் தம்பி கதவருகில் நிறுத்தினான்.

“கணக்கு வாடிக்கையாளரோடதுதான்னு சொன்னீங்க, சரி. டிக் போட்டதச் சொல்லவே இல்லியேக்கா?”

“அதச் சொன்னா சாப்பாட்டு நேரம் வரைக்கும் விவாதம் ஓடும்டா” என்றேன்.

“ஓடட்டுமே” என்றான்.