ஐயெல்ட்ஸ் ரீடிங்கில் என்னைக் கவிழ்த்த ‘ஹைடு’

முதல் தடவை ஐயெல்ட்ஸ் என்ற ஆங்கிலத் தேர்வை எழுதியபோது ரீடிங்கில் எனக்கு 6 தான் வந்தது. நான் போக நினைத்த கோர்ஸுக்கு 7 வேண்டும். 40 கேள்வியில் சுமார் 23 சரியாக இருந்தால் 6, சுமார் 30 இருந்தால் 7. ஆக இடையில் ஏழு கேள்விதான். அந்த ஏழையும் தெரியாத கடின வார்த்தைகள்தான் தின்றிருக்கும் என்று முடிவுகட்டி, இரண்டு மாதம் வாயில் நுழையாத வார்த்தைகளாகத் தேடிப் பிடித்து மனப்பாடம் செய்தேன். வீண் வேலை. அப்புறம் ஒருநாள் பழைய மாக் டெஸ்ட் தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு தப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது, நான் சறுக்கிய இடங்களில் பாதிக்கு மேல் மூன்றாம் வகுப்பிலேயே படித்த சின்ன வார்த்தைகள். அதில் ஹைடு என்ற ஒரே வார்த்தை மூன்று தாளில் மூன்று விதமாக என்னைக் கவிழ்த்திருந்தது.

முதல் கவிழ்ப்பு இது. 1086-இல் இங்கிலாந்தில் எடுத்த டூம்ஸ்டே நிலக் கணக்கைப் பற்றி ஒரு பகுதி. அதில் பார்க்‌ஷர் வட்டாரத்து வழக்கம் ஒன்று வந்தது: மன்னர் படை கூட்டினால் 5 ஹைடுக்கு ஒரு வீரன் போக வேண்டும், அவனுடைய இரண்டு மாதச் சாப்பாட்டுக்கும் கூலிக்கும் ஒரு ஹைடுக்கு 4 ஷில்லிங் (அந்தக் காலத்து ஆங்கிலேயப் பணம்) வீதம் தர வேண்டும். எனக்கு ஹைடு என்றால் ஒளிவது, இன்னொரு பொருள் மாட்டுத் தோல், அவ்வளவுதான் தெரியும். ஒளிவது இங்கே பொருந்தவில்லை, அப்போ தோல்தான். ஒரு வீரனுக்கு ஐந்து மாட்டுத் தோல் கொடுப்பார்கள் போலிருக்கிறது, கவசம் தைக்கவோ என்னவோ என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். கேள்வியில் ‘வீரர்களுக்குக் கூலியாகத் தோல் வழங்கப்பட்டது’ என்று இருந்ததும் துள்ளிக் குதித்து ‘சரி’ என்று குறித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டேன். தோல் கணக்கில் எதற்கு ஷில்லிங் வருகிறது என்று ஒரு நொடி யோசித்திருந்தால் போதும். மூன்று பகுதி, அறுபது நிமிடம் என்னும்போது அந்த ஒரு நொடிதான் கிடைக்காது.

அங்கே ஹைடு என்பது நில அளவு. ஒரு குடும்பம் பிழைக்கப் போதுமான நிலம் என்ற கணக்கில் தொடங்கி, பிறகு வரி போடும் அலகாக மாறியது. பொதுவாக 120 ஏக்கர் என்பார்கள், ஆனால் எல்லா ஊரிலும் அதே அளவு இல்லை. குடும்பம் என்ற பொருளுள்ள பழைய ஆங்கிலச் சொல்லோடு உறவுள்ளது அது, தோலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் சம்பந்தம் இருப்பதாக நினைக்க வைக்க ஒரு கதை உண்டு. கார்த்தேஜ் நகரத்தை உருவாக்கியதாகச் சொல்லப்படும் டைடோ ராணி, ஒரு மாட்டுத் தோல் எவ்வளவு இடத்தை அடைக்குமோ அவ்வளவு நிலம் போதும் என்று கேட்டு வாங்கி, தோலை மெல்லிய வாராக அறுத்து ஒரு குன்றையே சுற்றி வளைத்துவிட்டாளாம். சொல்லின் வரலாற்றுக்கு இந்தக் கதை உதவாது. நினைவில் வைத்துக்கொள்ள உதவும், நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம், நான் ஆம்பூர்க்காரன். அப்பா முப்பது வருஷம் தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்த்தவர். எங்கள் வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவன் நான்தான் என்ற நினைப்பு எனக்கு. அன்று ராத்திரி சாப்பிடும்போது இந்தக் கதையைச் சொன்னேன். தோல் என்ற பொருளையாவது சரியாகத் தெரிந்து வைத்திருக்கிறேனா என்று பார்க்க நினைத்தாரோ என்னவோ, “ஆட்டுத் தோலுக்கு இங்கிலீஷ்ல என்னடா?” என்றார். ஹைடு என்றேன். சிரித்துவிட்டார். “மண்டியில போய் அப்படிச் சொல்லிடாத. மாடு, எருமைன்னா ஹைட்ஸ். ஆடு, செம்மறின்னா ஸ்கின்ஸ். கன்னுக்குட்டிக்கு மேல, மாட்டுக்குக் கீழ இருந்தா கிப்பு. உப்புப் போட்டு அடுக்கும்போதே தனித்தனியாத்தான் அடுக்குவோம்.” எட்டாவது வரை படித்தவர். அகராதியில் நான் பார்த்த ‘விலங்கின் தோல்’ என்ற ஒற்றை வரியைவிட இது எவ்வளவோ துல்லியம்.

அதே அப்பா ஒரு வாரம் கழித்துப் போனைக் காட்டி, “ஃபேஸ்புக்ல ஏன்டா தோல்னு போட்டிருக்கான்?” என்று கேட்டார். பிடிக்காத பதிவை மறைக்க இருக்கும் அந்த ஹைடு பட்டனைத்தான் கேட்கிறார். அவருக்கு அந்த வார்த்தைக்கு மறைப்பது என்று ஒரு பொருள் இருப்பதே தெரியாது. எனக்கு ஒரு பாதி, அவருக்கு மறு பாதி.

சரி, எப்படிப் பிரித்துப் பார்ப்பது? நாம் தமிழில் இதை யோசிக்காமலே செய்கிறோம். ‘ஒளி’ என்றால் வெளிச்சம், ‘ஒளி’ என்றால் மறைந்துகொள். கிட்டத்தட்ட எதிரெதிர்ப் பொருள். வெளிநாட்டுக்காரர் யாராவது தமிழ் படித்தால் தலையைப் பிய்த்துக்கொள்வார். நாம் ஒருநாளும் குழம்புவதில்லை, ஏனென்றால் பக்கத்தில் எந்த வார்த்தை நிற்கிறது என்று பார்த்துத்தான் பொருள் எடுக்கிறோம். ஆங்கிலத்திலும் அதையே செய்யுங்கள். ஹைடுக்கு முன்னால் எண் இருந்தால் அது வினைச்சொல் இல்லை, பெயர்ச்சொல். பெயர்ச்சொல் என்று தெரிந்ததும் சுற்றிலும் மாடு, உப்பு, செருப்பு இருக்கிறதா, வரி, கிராமம், மன்னர் இருக்கிறாரா, ஏரி, பறவை, தொலைநோக்கி இருக்கிறதா என்று பாருங்கள். முதலாவது தோல், இரண்டாவது நிலம். மூன்றாவதுதான் என் இரண்டாவது கவிழ்ப்பு.

அது லிஸனிங்கில். ஒரு பறவைகள் காப்பகத்தின் வரைபடம், கார் நிறுத்துமிடம் இங்கே, பாலம் அங்கே என்று ஒருவர் சொல்லிக்கொண்டே போகிறார், கோடிட்ட இடத்தை நிரப்ப வேண்டும். ‘பேர்டு ஹைடு’ என்று சொன்னார். நான் உயரத்தைக் குறிக்கும் ‘ஹைட்டு’ என்று நினைத்து அந்த எழுத்துகளைப் போட்டு வைத்தேன். பறவைக்கு ஏது உயரம், வரைபடத்தில் அதை எங்கே காட்டுவார்கள் என்றெல்லாம் தோன்றவே இல்லை. பறவைகளுக்குத் தெரியாமல் உட்கார்ந்து பார்க்க ஏரிக்கரையில் மரத்தால் ஒரு குடில் கட்டி, சுவரில் கண் மட்டத்தில் நீளமாக ஒரு திறப்பு விட்டிருப்பார்களே, அதற்குப் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ஹைடு என்று பெயர். அமெரிக்கர்கள் அதையே பிளைண்டு என்பார்கள், அது இன்னொரு தலைவலி. காது பழக ஒரு வழி சொல்கிறேன். உயரத்தை ‘ஹைட்டு’ என்றும் ஒளிவதை ‘ஹைடு’ என்றும் மனசுக்குள் தமிழில் எழுதிப் பாருங்கள், பாட்டுக்கும் பாடுக்கும் உள்ள வித்தியாசம்தான். அதோடு, ஆங்கிலேயர் பேசும்போது ஹைடில் உள்ள மெல்லிய ‘டு’வுக்கு முன்னால் வரும் ‘ஐ’ சற்று நீண்டு ஒலிக்கும். கடைசி எழுத்து காதில் விழாவிட்டாலும் இந்த நீளம் காட்டிக் கொடுத்துவிடும்.

மூன்றாவது தப்பு ஹைடிங். ‘இன் ஹைடிங்’ என்று இருந்தால் ஆள் தலைமறைவு. ‘எ ஹைடிங்’ என்று முன்னால் ஒற்றை ‘எ’ வந்தால் செம அடி. நம் ஊர் அம்மாக்கள் “தோலை உரிச்சுடுவேன்” என்கிறார்களே, அதே தோல்தான் அங்கேயும். விளையாட்டுச் செய்தியில் ஓர் அணி இன்னொன்றுக்கு ஹைடிங் கொடுத்தது என்று வந்தால் துவைத்து எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். நானோ தோற்ற அணி எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது என்று புரிந்து வைத்திருந்தேன். ‘ஆன் எ ஹைடிங் டு நத்திங்’ என்று ஒன்று இருக்கிறது, எப்படி ஆடினாலும் நமக்கு லாபம் கிடையாது என்ற நிலைமை, பிரிட்டிஷ் பத்திரிகைகளில் வரும்.

ஹைடுபவுண்டு என்ற சொல் எனக்குப் பிடித்தது. தீனி இல்லாமல் மெலிந்து தோல் எலும்போடு ஒட்டிப்போன மாட்டைத்தான் முதலில் அப்படிச் சொன்னார்கள், நாம் எலும்பும் தோலுமாக என்கிறோமே அது. பிறகு பழைய பழக்கத்தைவிட்டு அசையாத மனிதர்களுக்கும் நிறுவனங்களுக்கும் அது போய் ஒட்டிக்கொண்டது. ரீடிங்கில் இன்று இந்த இரண்டாவது பொருளில்தான் பார்ப்பீர்கள்.

ரைட்டிங்கில் ஒரே ஒரு எச்சரிக்கை. தமிழில் ‘ஒளிந்தான்’ வேறு, ‘ஒளித்தான்’ வேறு. ஆங்கிலத்தில் தானே ஒளிந்தாலும் பொருளை ஒளித்தாலும் ஹைடின் இறந்தகாலமான ‘ஹிடு’ தான், பின்னால் ஒரு பொருள் வருகிறதா இல்லையா என்பதுதான் வித்தியாசம். நம் ஆட்கள் தானே ஒளிந்ததைச் சொல்ல ஒவ்வொரு தடவையும் ‘ஹிம்செல்ஃப்’ சேர்க்கிறார்கள். தப்பில்லை, ஆனால் தேவையும் இல்லை. அப்புறம், ஹைடு என்று எழுதினால் மார்க் குறையும் என்று பயந்து எல்லா இடத்திலும் மறைப்பதற்கான பெரிய வார்த்தையான ‘கன்சீல்’ போடாதீர்கள். கண்ணாமூச்சி ஆடும் குழந்தை கன்சீல் செய்யாது.

இதற்குப் பிறகு நான் பழைய வார்த்தை நோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று போட்டேன். ஒரு பக்கத்துக்கு ஒரு வார்த்தை, அதுவும் எனக்கு நன்றாகத் தெரிந்த வார்த்தை மட்டும். தமிழ் அர்த்தம் எழுத மாட்டேன். படித்ததில் பார்த்த முழு வாக்கியத்தை எழுதி, அந்த வார்த்தைக்கு முன்னால் நிற்பதையும் பின்னால் நிற்பதையும் சிவப்பில் அடிக்கோடு போடுவேன். ஒரு நாளைக்கு இரண்டு பக்கம், அதற்கு மேல் மனசு வாங்காது. இரண்டாவது தடவை ரீடிங்கில் 7.5 வந்தது. நோட்டால் மட்டும் வந்தது என்று சொல்ல மாட்டேன், நேரத்தைப் பிரித்து எழுதப் பழகியதும் காரணம்.

ஹைடுக்கு அடுத்த பக்கத்தில் பவுண்டு இருக்கிறது. பணம், எடை, தெருவில் திரியும் மாடுகளைப் பிடித்து அடைக்கும் பட்டி, போட்டு இடிப்பது என்று நாலு வாக்கியம் எழுதியாகிவிட்டது, அஞ்சாவது ஒன்று கிடைத்தால் எழுத இடம் விட்டு வைத்திருக்கிறேன்.