ராமேஸ்வரத்தில் மாமாவுக்குத் திதி

மாமனாரின் முதல் வருஷத் திதியை ராமேஸ்வரத்தில்தான் கொடுக்க வேண்டும் என்று அத்தை பிடிவாதமாக இருந்தார். கடற்படையில் இருந்த மனிதருக்குக் கடற்கரையில்தான் எள்ளும் தண்ணீரும் இறைக்க வேண்டுமாம். ரயில் உச்சிப்புளியைத் தாண்டும்போது, இங்கேதான் ஐஎன்எஸ் பருந்து என்ற கடற்படை விமானத் தளம் இருக்கிறது என்று பேரனுக்குச் சொன்னார்.

அக்னி தீர்த்தக் கரையில் புரோகிதர் கோத்திரமும் பெயரும் கேட்டார். என் கணவர் சொல்லி முடிப்பதற்குள் அத்தை மாமாவின் சர்வீஸ் நம்பரையும் சேர்த்து ஒப்பித்துவிட்டார். பென்ஷன் தாள்களில் எழுதி எழுதி வந்த பழக்கம். புரோகிதர் சிரிக்காமல், “சரிம்மா” என்று பிண்டத்தை எடுத்து வைத்தார்.

மாமா விக்ராந்த் என்ற விமானம் தாங்கிக் கப்பலில் பாய்லர் அறையில் வேலை பார்த்தவர். 1971 போரில் அந்தக் கப்பல் பாய்லரில் விரிசலோடுதான் வங்கக் கடலில் ஓடியது. அதிலிருந்து கிளம்பிய விமானங்கள் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் சிட்டகாங்கையும் காக்ஸ் பஜாரையும் தாக்கியதை ஊரே பேசும். மாமாவிடம் போர்க்கதை கேட்டால் நீராவி அழுத்தமும் வெக்கையும்தான் வரும். மூத்த பிள்ளையை அது தவழும் வயதில்தான் முதலில் பார்த்தாராம். அந்தக் குறையைப் பேரப்பிள்ளைகளிடம் தீர்த்துக்கொண்டார். பேத்திக்கு அவர் பின்னிவிடும் சடை கப்பல் கயிறு மாதிரி இருக்கும், சாயங்காலம் வரை ஒரு முடி பிரியாது.

கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள். முன்பு மாமாவோடு வந்தபோது, ஒரு கிணற்றில் வாளிக் கயிற்றைப் பார்த்து நின்றுவிட்டார். “தம்பி, இந்த முடிச்சு நழுவும்” என்று வாங்கி, சின்னதாக ஒரு கண்ணி போட்டு, நுனியை அதற்குள் விட்டு, கயிற்றைச் சுற்றி மறுபடி உள்ளே இழுத்து இறுக்கிக் கொடுத்தார். பின்னால் வரிசை ஒரே சத்தம். அது எந்தக் கிணறு என்று இப்போது யாருக்கும் நினைவில்லை. ஆனாலும் என் கணவர் ஒவ்வொரு வாளியின் முடிச்சையும் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசியில், கோடி தீர்த்தம் தலையில் விழுந்ததும் பேரன் “சம் நோ வருண” என்றான். வருணன் நமக்கு நன்மை செய்யட்டும் என்று தைத்திரீய உபநிடதத்தில் வரும் அந்த வரிதான் கடற்படையின் குறிக்கோள் வாசகம். மாமா தினமும் முதல் சொம்புத் தண்ணீரோடு சொல்வது.

ஈரத்துணி மாற்றிக்கொண்டு சந்நிதிக்குப் போனோம். சீதை மணலில் பிடித்த ராமலிங்கம்தான் மூலவர். ஆனால் அனுமன் தாமதமாகக் கொண்டுவந்த விஸ்வலிங்கத்துக்குத்தான் முதல் பூஜை. லீவில் வரும் மாமாவுக்காகப் பண்டிகைகளையே தள்ளிவைத்த அத்தைக்கு இந்த முறை ரொம்பப் பிடிக்கும்.

திரும்பும்போது ரயில் பாம்பனில் ஊர்ந்தது. 1914-இல் வந்த பழைய பாலத்தை முன்பு ஆட்கள் கையால் நெம்புகோல்களைச் சுழற்றித் திறந்தார்கள். 2025-இல் வந்த புதுப் பாலத்தில் நடுத்துண்டு அப்படியே நேராக மேலே எழும்புகிறது.

“அவர் இருந்திருந்தா, மோட்டாரைப் பாத்துட்டு வரேன்னு இறங்கிப் போயிருப்பார்” என்றார் அத்தை. “நாம மண்டபம் ஸ்டேஷன்ல காத்துக் கிடந்திருப்போம்.”