லைட் மட்டும் மினுக்குது, திரை கறுப்பு: கடை மானிட்டர் பிழைத்த விதம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மனு டைப் பண்ணிக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு என்றாலும் கல்லா நிறைவது திங்கட்கிழமைதான். கலெக்டர் ஆபீசில் அன்றைக்குக் குறைதீர் கூட்டம். பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கமிருந்தெல்லாம் காலையிலேயே வந்து நிற்பார்கள். அப்படி ஒரு திங்களுக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் மானிட்டர் படுத்துவிட்டது. திரை கறுப்பு. பவர் பட்டனில் இருக்கும் நீல லைட் மட்டும் மினுக் மினுக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.

திடீரென்று வந்த கோளாறும் இல்லை. ஐப்பசி மழை பிடித்ததிலிருந்தே காலையில் சுவிட்சைப் போட்டால் படம் வரத் தாமதமாகும். லைட் கொஞ்ச நேரம் மினுக்கும், பிறகு தானே சரியாகிவிடும். மத்தியானத்தில் அணைத்துப் போட்டால் உடனே வரும். குளிர்ந்து கிடந்தால் அடம், சூடேறினால் சமாதானம். இதை மட்டும் சொன்னாலே பழைய மெக்கானிக் நோயைச் சொல்லிவிடுவார் என்பது பிறகுதான் தெரிந்தது.

கோளாறு கம்ப்யூட்டரிலா மானிட்டரிலா என்று பிரிப்பது சுலபம். கீபோர்டில் நம்லாக் பட்டனை அமுக்கினேன். அதன் விளக்கு எரிந்து அணைந்தது. அப்படியென்றால் சிபியூ உயிரோடுதான் இருக்கிறது. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட் மூன்றோடு பி எழுத்தையும் சேர்த்து அமுக்கிப் பார்த்தேன். படத்தைத் திரைக்கு அனுப்பும் டிஸ்ப்ளே டிரைவர் மென்பொருள் சிக்கியிருந்தால் அது எழுப்பிவிடும். இங்கே ஒன்றும் நடக்கவில்லை. அடுத்து, வீடியோ கேபிளை மானிட்டரிலிருந்து உருவிவிட்டுக் கரண்ட் கேபிளை மட்டும் விட்டேன். நல்ல மானிட்டராக இருந்தால் அந்த நிலையில் 'நோ சிக்னல்' என்றோ 'கேபிளைப் பார்' என்றோ ஒரு கட்டம் திரையில் வரும். அதைக் காட்டக் கம்ப்யூட்டரே தேவையில்லை. என் மானிட்டரில் அது வரவில்லை. அதோடு சிபியூ குற்றவாளிக் கூண்டிலிருந்து இறங்கிவிட்டது.

மினுக்கலிலும் இரண்டு ஜாதி இருக்கிறது. மெதுவாக, ஒரே தாளத்தில் மூச்சு விடுவதுபோல எரிந்து அணைந்தால் பெரும்பாலும் அது தூக்கம்: மானிட்டர் நன்றாக இருக்கிறது, சிக்னலுக்குக் காத்திருக்கிறது. சில கம்பெனி மானிட்டர்களில் அந்த நேரத்தில் நிறமும் மஞ்சளாக மாறும். வெடுக் வெடுக்கென்று வெட்டி, எரிய வந்து எரியாமல் போனால் அது வேறு. காதைப் பின்பக்கக் காற்றுத் துளைகளில் வைத்துக் கேட்டேன். லைட் மினுக்கும் ஒவ்வொரு தடவையும் உள்ளே 'டிக்' என்று மெல்லிய சத்தம். பவர் சப்ளை எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் விழுந்து, மறுபடி எழுந்திருக்கப் பார்க்கிற சத்தம் அது.

வழக்கமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் கடைக்கு போன் போட்டேன். பொருளைப் பார்க்காமலே, "பேனல் போயிருக்கும்கா, ரிப்பேர் பண்ணா நிக்காது, புதுசா வாங்கிடுங்க" என்று பதில் வந்தது. எனக்கு அது ஒப்பவில்லை. பேனல், அதாவது படம் காட்டும் திரை, மட்டும் போயிருந்தால் லைட் எதற்கு இப்படித் துடிக்க வேண்டும்? லைட்டை எரிய வைப்பது பேனல் இல்லை, உள்ளே இருக்கும் மெயின் போர்டு. அதற்கே சாப்பாடு போய்ச் சேரவில்லை என்றல்லவா அர்த்தம். திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பேக்லைட் போன கேஸ் என்றால் இருட்டில் திரையின்மேல் டார்ச்சைச் சாய்த்து அடித்தால் படம் மங்கலாகத் தெரியும். அதையும் அடித்துப் பார்த்தேன். ஒரு நிழல்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மானிட்டரைப் பெட்ஷீட்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, தம்பி வண்டியில் ஓ.டி.க்குப் போனேன். வெளியூர்க்காரர்களுக்கு அது கடலூர் முதுநகர். ஜங்ஷன் பக்கம் ஒரு பாய் டேப்ரெக்கார்டர் காலத்திலிருந்து ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"காலையில லேட்டா வருமே?" என்றார், நான் பெட்ஷீட்டை அவிழ்ப்பதற்குள்.

"ஆமா பாய். மழை ஆரம்பிச்சதுலேர்ந்து."

"கண்டென்சர்மா. வை இப்படி."

மின்சாரத்தைத் தேக்கி வைத்துச் சீராகக் கொடுக்கும் உருளை அது. புத்தகத்தில் கெப்பாசிட்டர் என்று போட்டிருப்பதை ரேடியோ காலத்து ஆட்கள் இன்றும் கண்டென்சர் என்றுதான் சொல்கிறார்கள்.

ஸ்டாண்டைக் கழற்றி, ஓரத்து இடுக்கில் பழைய ஏடிஎம் கார்டை நுழைத்து நெம்பிக்கொண்டே வந்தார். கிளிப்புகள் டப் டப்பென்று விட்டன. ஸ்க்ரூ டிரைவர் போட்டால் பிளாஸ்டிக்கில் தழும்பு விழும், பேனல் ஓரமும் விரிசல் விடும் என்றார். தகரக் கூட்டுக்குள் இரண்டு போர்டு: ஒன்று பவர், இன்னொன்று மெயின். நான் விரலை நீட்டியதும் கையைத் தட்டிவிட்டார். பிளக்கைப் பிடுங்கி எவ்வளவு நேரமானாலும் அந்தத் தடிமனான கண்டென்சரை நம்பக் கூடாதாம். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் ஏசி, டிசியாக மாறி அதில் சுமார் 325 வோல்ட்டாக உட்கார்ந்திருக்கும். சப்ளை ஒழுங்காக ஓடாத செட்டில் அது தானாக வடியாமலும் கிடக்கும். ஹோல்டரில் மாட்டிய குண்டு பல்பின் இரண்டு ஒயரையும் அதன் கால்களில் தொட்டார். பல்பு ஒரு கணம் சிவந்து அணைந்தது. முந்தின நாளிலிருந்து கரண்டே கொடுக்காத மானிட்டர் அது. வீட்டில் யூடியூப் பார்த்துத் திறப்பவர்கள் இந்த ஒரு வேலையைத் தெரிந்துகொள்ளாமல் மூடியில் கை வைக்காதீர்கள்.

முதலில் பேனலுக்கும் பேக்லைட்டுக்கும் போகும் ஒயர்களை உருவிவிட்டுக் கரண்ட் கொடுத்தார். பேனலில் ஷார்ட் இருந்து அது சப்ளையை இழுத்துப் படுக்க வைத்திருந்தால் இப்போது மினுக்கல் நிற்க வேண்டும். நிற்கவில்லை. ஆக, பேனல்மேல் போட்ட பழி பொய். மல்டிமீட்டரை 5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் வைத்தார். முள் இரண்டுக்கும் நாலுக்கும் நடுவில் ஊஞ்சலாடியது.

பிறகு போர்டைத் திருப்பி எனக்குக் காட்டினார். வரிசையாக நிற்கும் சின்ன கண்டென்சர்களின் தலையில் குறுக்கே கோடு கீறியிருக்கும். உள்ளே அழுத்தம் ஏறினால் வெடிக்காமல் அந்தக் கோட்டில் கிழியட்டும் என்று கம்பெனிக்காரனே போடுவது. தலை தட்டையாக இருக்க வேண்டும். இதில் இரண்டு, ஊறவைத்த மொச்சை மாதிரி உப்பியிருந்தன. ஒன்றின் காலடியில் பழுப்பாகக் கறை. மூன்றாவது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதையும் கழற்றி மீட்டரில் வைத்தார். தேக்கும் அளவு 1000 மைக்ரோஃபாரட் என்று போட்டிருந்ததில் பாதிகூடக் காட்டவில்லை.

"உப்புக்காத்து பாய், கடை வேற பீச் ரோட்டுப் பக்கம்" என்றேன். கடலூரில் எது கெட்டாலும் நாம் அதன்மேல்தானே போடுவோம்.

"உப்புக்காத்து போர்டைத் தின்னும்மா, கண்டென்சரை ஊத வைக்காது. ஊத வச்சது சூடு. இதைச் சுவத்தோட ஒட்டி வச்சிருப்பே."

வைத்திருந்தேன், கடையின் அகலம் அவ்வளவுதான். உப்பு செய்த வேலையையும் அவர் தனியாகக் காட்டினார்: வீடியோ கேபிள் செருகும் விஜிஏ சாக்கெட்டின் ஓரத்தில் பச்சையாகப் பூத்திருந்தது. அதைத் திரவம் போட்டு பிரஷ்ஷால் துடைத்துவிட்டார்.

விஷயம் இதுதான். கண்டென்சருக்குள் இருக்கும் திரவம் சூட்டில் மெல்ல வற்றும். வற்ற வற்ற அதன் உள்தடை ஏறும், 5 வோல்ட் லைன் அலைபாயும், கன்ட்ரோல் ஐசி ஏதோ ஆபத்து என்று சப்ளையை நிறுத்தித் திரும்பத் தொடங்கும். லைட் மினுக்குவதும் டிக் சத்தமும் அந்தத் தொடக்கமும் நிறுத்தமும்தான். குளிரில் உள்தடை இன்னும் கூடும், சூடானால் குறையும். அதனால்தான் மழைக்காலக் காலையில் அத்தனை அடம்.

மாற்றுவதற்கு அதே 1000 மைக்ரோஃபாரட் போட்டார். தாங்கும் வோல்ட் மட்டும் 16க்குப் பதில் 25. வோல்ட் கூட இருந்தால் பரவாயில்லை, குறையக் கூடாது. பக்கத்தில், தாங்கும் சூடு 105 டிகிரி என்று அச்சடித்ததாக இருக்க வேண்டும், 85 போட்டால் சீக்கிரமே திரும்பி வருவாய் என்றார். பழைய போர்டில் கழற்றியதைப் போட்டுத் தருகிறவர்களும் உண்டு, வாங்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள். கழற்றுமுன் போர்டை என் போனில் போட்டோ எடுத்து வைக்கச் சொன்னார். உடம்பில் வெள்ளைக் கோடு இருக்கும் பக்கம் மைனஸ். போர்டில் போட்டிருக்கும் குறி ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு மாதிரி இருக்கும், அதை நம்பித் திருப்பிப் போட்டால் பட்டாசுதான். டிரான்ஸ்ஃபார்மர் காலில் டிரை சால்டர், அதாவது ஈயம் சரியாக ஒட்டாதது, மாதிரித் தெரிந்த இடங்களிலும் புது ஈயம் வைத்தார்.

நேராகக் கரண்ட் கொடுக்கவில்லை. அதே குண்டு பல்பை, கரண்ட் அதன் வழியாகவே மானிட்டருக்குப் போகும்படி, லைனில் சீரிஸாகப் போட்டார். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும், மானிட்டர் தப்பிக்கும். பல்பு ஒரு வெட்டு வெட்டி அணைந்தது. நீல லைட் அசையாமல் நின்றது. நேர் லைனுக்கு மாற்றி, பேனல் ஒயரையும் செருகியதும் 'நோ சிக்னல்' கட்டம் திரையில் இங்கும் அங்கும் நகர ஆரம்பித்தது. அந்த இரண்டு வார்த்தையைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அன்றைக்கு மட்டும்தான்.

கண்டென்சர் ஒன்று பத்து ரூபாய்கூட வராது. வேலைக்கும் சேர்த்து முந்நூறு வாங்கிக்கொண்டார். திங்கள் காலை முதியோர் உதவித்தொகை மனு, பட்டா மனு என்று வழக்கம்போல ஓடியது. மானிட்டரை மட்டும் சுவரிலிருந்து ஒரு சாண் முன்னால் இழுத்து வைத்திருக்கிறேன், நாற்காலிக்கு இடம் போதவில்லை.

போன வாரம் பக்கத்து ஸ்டூடியோக்கார அண்ணன், அவர் மானிட்டரும் மினுக்குகிறது, ஓ.டி.க்கு எடுத்துப்போகலாமா என்று கேட்டார். போய்ப் பார்த்தேன். மெதுவான மினுக்கல், டிக் சத்தம் இல்லை, கேபிளை உருவினால் கட்டம் வருகிறது. பிறகு எதற்கு ஓ.டி.? சிபியூவைத்தான் பார்க்க வேண்டும். முந்தின நாள் புதுசாகக் கிராஃபிக்ஸ் கார்டு போட்டிருந்தாராம். இனி படம் வருவது கார்டிலிருந்து, ஆனால் எச்டிஎம்ஐ கேபிள் இன்னும் மதர்போர்டு சாக்கெட்டிலேயே இருந்தது. கார்டுக்கு மாற்றிச் செருகியதும் கல்யாண ஆல்பம் வந்துவிட்டது. அப்படியும் வராமல் இருந்திருந்தால் அடுத்து ரேமைக் கழற்றி, சாக்கெட்டில் செருகும் அதன் பல் வரிசையை அழிரப்பரால் துடைத்துப் போட்டிருப்பேன்.